முழங்கால் வலியா? இடுப்பையும் ஒரு படம் எடுங்கள்

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம், சுருக்கமாக:

"டாக்டர், என் அம்மாவுக்கு 63 வயது. ஒன்றரை வருடமாக வலது முழங்கால் வலி. எக்ஸ்ரே பார்த்துவிட்டு மூட்டுத் தேய்மானம் என்றார்கள். வலி மாத்திரை, நீ கேப், கரண்ட் வைக்கிற பிசியோதெரபி எல்லாம் ஆயிற்று. போன மாதம் முட்டிக்குள் ஜெல் ஊசியும் போட்டோம், ஒரு வாரம்கூட நிம்மதி இல்லை. இப்போது முட்டியை மாற்றினால்தான் சரியாகும் என்கிறார்கள். அம்மாவால் தரையில் சம்மணம் போட முடியவில்லை. வலது காலில் மெட்டி போட, நகம் வெட்ட நான்தான் வேண்டும். ஆட்டோவில் ஏறும்போது தொடையைக் கையால் தூக்கி உள்ளே வைக்கிறார். மூச்சிரைப்புக்குப் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். ஆபரேஷனுக்குச் சம்மதிக்கலாமா? தேய்க்க நல்ல எண்ணெய் ஏதாவது உண்டா?

அப்புறம் ஒரு சின்ன விஷயம். என் மகனுக்கு 12 வயது, கொஞ்சம் குண்டான உடம்பு. மூன்று வாரமாக இடது முட்டி வலிக்கிறது என்று நொண்டுகிறான், பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து நடக்கிறான். முட்டி எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலிதான் என்கிறார் மாமியார். சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போகலாமா?"

அன்புள்ள வாசகிக்கு,

அம்மாவைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு மகனைப் பற்றிக் கடைசியில் சில வரிகள் எழுதி, அதைச் சின்ன விஷயம் என்கிறீர்கள். அது சின்ன விஷயம் இல்லை. உங்கள் கடிதத்தில் அவசரமானது அதுதான், அதனால் அதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

இதைப் படித்த உடனே பையனை நடக்க விடாமல் நிறுத்துங்கள். பள்ளி வேண்டாம், சைக்கிள் வேண்டாம், மாடிப்படி வேண்டாம், பாத்ரூமுக்குக்கூட யாராவது தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போங்கள், அல்லது தூக்கிப்போங்கள். இன்றே, முடியாவிட்டால் நாளைக் காலையில், எலும்பு மருத்துவர் இருக்கிற மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். உங்கள் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பார்க்கலாம். அங்கே போய் "முட்டி வலி" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். "நொண்டி நடக்கிறான், பாதம் வெளியே திரும்பியிருக்கிறது, முட்டி எக்ஸ்ரே நார்மல், இரண்டு இடுப்பு மூட்டையும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்" என்று இதே வரிசையில் சொல்லுங்கள். எந்த எலும்பு மருத்துவருக்கும் இது போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

சுளுக்கு எடுப்பவரிடம் கண்டிப்பாகப் போக வேண்டாம். எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது, காலைப் பிடித்து இழுத்து முறுக்குவது எதுவும் கூடாது. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

தொடை எலும்பின் மேல்முனையில் பந்து போல ஒரு தலை உண்டு, அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். வளரும் பிள்ளைகளுக்கு அந்தத் தலைக்கும் கீழே உள்ள கழுத்துக்கும் நடுவில் ஒரு குருத்தெலும்புத் தட்டு இருக்கும், எலும்பு வளர்வது அங்கேதான். பத்து வயதிலிருந்து பதினாறு வயது வரை, உடம்பு வேகமாக வளர்கிற காலத்தில், அந்தத் தட்டு கொஞ்சம் பலவீனமாக இருக்கும். உடல் எடையும் அதிகமாக இருந்தால் அந்த இடம் தாங்காமல், பானை மேல் வைத்த மூடி ஒரு பக்கமாக நழுவி நிற்பதுபோல, தலை கழுத்தை விட்டு மெல்ல நழுவத் தொடங்கும். எலும்பு மருத்துவர்கள் பேச்சில் இதை 'ஸ்லிப்' என்றே சொல்வோம். பெண் பிள்ளைகளைவிடப் பையன்களுக்கு அதிகம். சில பிள்ளைகளுக்குத் தைராய்டு குறைபாடு பின்னணியில் இருக்கும், அதனால் சந்தேகம் வந்தால் அந்த ரத்தப் பரிசோதனையும் எழுதுவார்கள். பெரும்பாலும் கீழே விழுந்த கதை எதுவும் இருக்காது. வாரக்கணக்கில் லேசாக நொண்டுவான், விளையாடினால் வலி கூடும், ராத்திரி தூங்கி எழுந்தால் குறையும். வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதில் ஏமாற்றுகிற விஷயம், கணிசமான பிள்ளைகள் இடுப்பில் வலி என்று சொல்லவே மாட்டார்கள். தொடை என்பார்கள், முட்டி என்பார்கள். பத்துப் பேரில் ஒன்றிரண்டு பேர் முட்டி அல்லது முட்டிக்கு மேல் வலி என்று மட்டும்தான் சொல்வார்கள். முட்டியைப் படம் எடுப்பார்கள், முட்டி நன்றாக இருக்கும், "ஒன்றும் இல்லை" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உங்கள் மகனுக்கு நடந்ததும் அதுவாகத்தான் இருக்கும் என்று பயப்படுகிறேன். நேரில் பார்க்காமல் இதுதான் நோய் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் 12 வயது, பருமன், நொண்டல், வெளியே திரும்பிய பாதம், நார்மலான முட்டி படம் என்ற இந்த ஐந்தும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருந்தால், இல்லை என்று படம் சொல்லும் வரை ஸ்லிப் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

லேசாக நழுவிய நிலையில் கண்டுபிடித்தால் மேற்கொண்டு நழுவாமல் ஒரு திருகாணி போட்டு நிறுத்திவிடலாம். சின்னத் தழும்பு, சில நாள் மருத்துவமனை, சில வாரம் ஊன்றுகோல், அதோடு பெரும்பாலான பிள்ளைகள் நல்லபடியாக நடக்கிறார்கள். ஆனால் தாமதித்தாலோ, படிக்கட்டில் ஒரு தடுமாற்றத்திலோ, யாராவது காலை முறுக்கிவிட்டதிலோ தலை சட்டென்று முழுதாக நழுவிவிட்டால் கதையே வேறு. அந்தத் தலைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் கழுத்தை ஒட்டித்தான் ஓடுகின்றன, அவை நசுங்கினால் எலும்புத் தலை உயிரிழந்துவிடும். அமெரிக்காவில் 1993-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஊன்றுகோல் வைத்தும் கால் ஊன்ற முடியாத அளவுக்கு நழுவிய 30 இடுப்புகளில் 14-க்கு அப்படி ஆகியிருந்தது. அதே ஆய்வில், நடக்க முடிகிற நிலையில் வந்த பிள்ளைகளில் ஒருவருக்கும் அப்படி ஆகவில்லை. உங்கள் பையன் இன்றைக்கு நடக்கிறான். அவன் இப்போது இருப்பது அந்த இரண்டாவது கூட்டத்தில். அங்கேயே அவனை வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

மருத்துவர் அவனைப் படுக்க வைத்து இடது தொடையை வயிற்றுப் பக்கமாக மெதுவாக மடக்கிப் பார்ப்பார். நல்ல இடுப்பு என்றால் முட்டி நேராக நெஞ்சை நோக்கி வரும். நழுவிய இடுப்பு என்றால் முட்டி தானாகவே விலகி அக்குள் பக்கம் போகும், பாதம் மற்றக் காலின் பக்கமாகப் போகும். இதை நீங்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். எக்ஸ்ரே இரண்டு கோணத்தில் வேண்டும், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. லேசான நழுவல் நேர்ப்படத்தில் தெரியாமல் போகும், பக்கவாட்டுப் படத்தில் மாட்டிக்கொள்ளும். இரண்டு பக்க இடுப்பும் தெரிய வேண்டும், ஏனென்றால் ஐந்தில் ஒரு பிள்ளைக்காவது அடுத்த பக்கமும் சேர்ந்தோ பின்னாலோ நழுவுகிறது. ஸ்லிப் என்று தெரிந்தால் அன்றே அட்மிட் செய்யச் சொல்வார்கள். "பரீட்சை முடிந்து வருகிறோம்" என்று கேட்காதீர்கள். வீட்டுக்குப் போய்விட்டு வருகிறோம் என்றும் கேட்காதீர்கள்.

படம் நன்றாக இருந்தால் மிகவும் சந்தோஷம். அப்போது முட்டியிலேயே உள்ள காரணங்களைத் தேடலாம். இந்த வயதில் ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கு முட்டிக்குக் கொஞ்சம் கீழே எலும்பு புடைத்து, தொட்டால் வலிப்பது சகஜம், அது தானாகவே சரியாகும். நாலு வயதிலிருந்து எட்டு வயதுக்குள் நொண்டுகிற பிள்ளை என்றால் எலும்புத் தலைக்கு ரத்த ஓட்டம் குறைகிற பெர்த்தஸ் நோயைத் தேடுவோம், அதுவும் பல சமயம் முட்டி வலியாகத்தான் வெளியே தெரியும். எந்த வயதானாலும் காய்ச்சலோடு நொண்டினால், கால் ஊன்ற மறுத்தால், மூட்டில் சீழ் பிடித்திருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். நம் நாட்டில் மூட்டுக் காசநோயையும் மறக்க முடியாது. மாமியார் சொல்கிற 'வளர்கிற வலி' உண்மையில் இருக்கிறது, அவர் இல்லாததைச் சொல்லவில்லை. ஆனால் அது சாயங்காலமோ ராத்திரியோ வரும், பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும், காலையில் பிள்ளை துள்ளிக்கொண்டு ஓடும். பகலில் நொண்ட வைக்கிற வலி, ஒரே பக்கமாக வாரக்கணக்கில் நிற்கிற வலி, அந்த வகை இல்லை. இதை அவரிடமும் பொறுமையாகச் சொல்லுங்கள்.

சரி, இடுப்பில் உள்ள நோய் ஏன் முட்டியில் வலிக்க வேண்டும்? இது அம்மாவுக்கும் பொருந்தும் என்பதால் சொல்கிறேன். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து கிளம்பி வரும் நரம்புகளில் இரண்டு, தொடையின் முன்பக்கம் வரும் ஃபெமோரல் நரம்பும் உள்பக்கம் வரும் ஆப்டுரேட்டர் நரம்பும், போகிற வழியில் இடுப்பு மூட்டுக்கு ஒரு கிளை கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி முழங்கால் மூட்டுக்கும் கிளை கொடுக்கின்றன. ஒரு மூட்டை அசைக்கும் தசைக்குப் போகிற நரம்பே அந்த மூட்டுக்கும் அதன் மேல் தோலுக்கும் போகிறது என்று ஜான் ஹில்டன் என்ற லண்டன் அறுவை மருத்துவர் 1860-களிலேயே சொல்லிவிட்டார், இன்றும் மருத்துவ மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். ஆக, மேலே இருந்து ஒரு வலிச் செய்தி போனாலும் கீழே இருந்து போனாலும் முதுகுத்தண்டில் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் சேர்கிறது, மூளை அதை முட்டியின் கணக்கில் எழுதிவிடுகிறது. மாரடைப்பு வந்தவருக்கு இடது கை வலிப்பதும் இதே வகைதான். அதனால் அம்மா முட்டியைத் தொட்டுக் காட்டி "இங்கேதான் வலி" என்று சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை, கற்பனையும் இல்லை. வலி உண்மையாகவே அங்கே உணரப்படுகிறது. நோய் வேறு இடத்தில் இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இடுப்பு மூட்டு என்றதும் எல்லோரும் கையை ஊன்றி நிற்கிற பக்கவாட்டையோ முதுகின் கீழ்ப்பகுதியையோ காட்டுகிறார்கள். அந்த மூட்டு இருப்பது தொடையும் அடிவயிறும் சேரும் இடுக்கில், ஆழத்தில். அங்கே வலிக்கிறதா என்று நீங்கள் தனியாக, நேராகக் கேட்டால்தான் அம்மா சொல்வார். பல பெண்கள் அந்த இடத்து வலியை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டே முட்டியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இப்போது அம்மா. நீங்கள் தற்செயலாக எழுதிய மூன்று விஷயங்கள் எனக்கு எக்ஸ்ரேயைவிட அதிகம் சொல்கின்றன. மெட்டி, சம்மணம், ஆட்டோ. மெட்டி போட வேண்டுமானால் காலை மடக்கிப் பாதத்தை மற்றத் தொடை மேல் கொண்டுவர வேண்டும், அதற்கு இடுப்பு வெளிப்பக்கம் சுழல வேண்டும். சம்மணத்துக்கும் அதே சுழற்சிதான். ஆட்டோவில் ஏறத் தொடையைத் தூக்க வேண்டும், தூக்குகிற தசை இடுப்பைத் தாண்டித்தான் போகிறது, மூட்டில் வலி இருந்தால் தூக்க வராது, அதனால்தான் கையால் தூக்கி வைக்கிறார். இந்த மூன்றும் இடுப்பு செய்கிற வேலை. முட்டி தேய்ந்தவர்களும் சம்மணம் போடக் கஷ்டப்படுவார்கள்தான், ஆனால் அவர்கள் அதிகம் குறைப்படுவது மாடிப்படி இறங்குவதைப் பற்றி, உட்கார்ந்து எழும்போது முட்டிக்குள் கரகரவென்பதைப் பற்றி, நடந்துவிட்டு வந்தால் முட்டி வீங்குவதைப் பற்றி. முட்டியின் உள்பக்க ஓரத்தை விரலால் அழுத்தினால் "அம்மா" என்பார்கள். நீங்கள் எழுதியதில் வீக்கம் என்ற பேச்சே இல்லை.

அப்படியானால் எக்ஸ்ரேயில் தேய்மானம் என்று சொன்னது பொய்யா? இல்லை. 60 வயது தாண்டியவர்களின் முட்டியைப் படம் எடுத்தால் பலருக்கு ஏதாவது ஒரு தேய்மானம் தெரியத்தான் செய்யும், வலியே இல்லாதவர்களுக்கும் தெரியும். படத்தில் தெரிகிறது என்பதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. நெரிசலான ஓ.பி.யில் முட்டி வலி என்று வருபவரை நிற்க வைத்து முட்டியை மட்டும் படம் எடுத்து மருந்து எழுதி அனுப்புவது எளிது. படுக்க வைத்து இடுப்பைச் சுழற்றிப் பார்க்க இரண்டு நிமிடம் வேண்டும். அந்த இரண்டு நிமிடம் கிடைக்காமல் முட்டிக்கு ஊசிமேல் ஊசி போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. முட்டியை மாற்றிய பிறகும் அதே வலி தொடர்ந்து, அப்புறம் இடுப்பைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். உங்கள் அம்மா அந்த வரிசையில் சேர வேண்டாம்.

அம்மாவுக்கு மட்டும் வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம், பையனுக்கு வேண்டாம். சமீபத்தில் அம்மா கீழே விழுந்திருந்தாலோ, வலி திடீரென்று ஒரு நாளில் கூடியிருந்தாலோ அவருக்கும் செய்யக் கூடாது. வயதானவர்களுக்குத் தொடை எலும்பின் கழுத்து லேசாக விரிசல் விட்டு, நடந்துகொண்டே முட்டி வலி என்று சொல்வதும் உண்டு, அப்படியானால் அவருக்கும் அன்றே படம் எடுக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் கட்டில் ஓரத்தில் கால் இரண்டும் தொங்கும்படி உட்கார வையுங்கள். முதலில் வலது முட்டியை நீட்டி மடக்கச் சொல்லுங்கள், வலிக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் ஒரு கையால் தொடையை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கணுக்காலைப் பிடித்துப் பாதத்தை வெளிப்பக்கமாக, அதாவது மற்றக் காலை விட்டு விலகும்படி, மெதுவாக ஆட்டிப் பாருங்கள். பாதம் வெளியே போகும்போது இடுப்பு உள்பக்கமாகச் சுழல்கிறது. இடது காலிலும் அதே மாதிரி செய்து ஒப்பிடுங்கள். முட்டியை நீட்டி மடக்கும்போது பெரிதாக வலிக்காமல், பாதத்தை வெளியே ஆட்டும்போது வலது பக்கம் மட்டும் சீக்கிரமே தட்டி நின்று, அம்மா வழக்கமாகச் சொல்கிற அதே வலி முட்டியில் வந்தால், சந்தேகம் இடுப்பின் மேல்தான். இடுப்பு மூட்டு கெட ஆரம்பித்தால் பெரும்பாலும் முதலில் குறைவது இந்த உள்சுழற்சி. அழுத்தித் திருப்ப வேண்டாம், தட்டுகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். இது வெறும் அறிகுறி, தீர்ப்பு இல்லை.

மூச்சிரைப்புக்கு மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள், அதன் பெயரை எழுதவில்லை. அது எனக்கு உறுத்துகிறது. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்குத் தொடை எலும்புத் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துப்போகும் வாய்ப்பு உண்டு, ஏ.வி.என். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கோவிட் சமயத்தில் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்ட இளவயதுக்காரர்கள் சிலர் இதே நோயோடு வந்ததை 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதியபோது பலருக்கும் இந்தப் பெயர் தெரியவந்தது. நிறையக் குடிக்கிற ஆண்களுக்கும் வருகிறது, ஸ்டீராய்டு போலவே மதுவும் இதற்கு முக்கியக் காரணம். இதுவும் முட்டி வலியாக ஆரம்பிக்கலாம், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். உறிஞ்சுகிற இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு அளவு மிகக் குறைவு, அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக் கூடாது, நாள்பட்ட ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. பெயரை மருத்துவரிடம் காட்டுங்கள், அது போதும். வாத வலிக்கு என்று லேபிள் இல்லாத பொட்டலத்தில் பொடியோ மாத்திரையோ எங்காவது வாங்கிச் சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நாங்கள் பார்க்கிறோம்.

ஆக, ஆபரேஷனுக்குச் சம்மதிக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், இப்போதைக்கு வேண்டாம், தேதி கொடுத்திருந்தால் தள்ளிப்போடுங்கள். முட்டி மாற்று சிகிச்சை கெட்டது என்று சொல்லவில்லை, முட்டிதான் காரணம் என்றால் அது அருமையான சிகிச்சை. ஆனால் இடுப்பைப் பார்க்காமல் முட்டியைத் திறக்கக் கூடாது. அதே மருத்துவரிடமே போய், "இடுப்பையும் ஒரு படம் எடுத்துப் பார்க்கலாமா, டாக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள், நல்ல மருத்துவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் வேறு ஒருவரிடம் போக உங்களுக்கு உரிமை இருக்கிறது. இரண்டு இடுப்பும் தெரிகிற மாதிரி ஒரே எக்ஸ்ரே, பெரிய செலவு இல்லை. அம்மாவை நடக்க வைத்துப் பார்ப்பார், ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார், வலது காலில் நிற்கும்போது இடுப்பின் இடது பக்கம் கீழே சரிகிறதா என்று பின்னால் நின்று கவனிப்பார். முதுகுத்தண்டில் மேலே உள்ள நரம்பு அழுந்தினாலும் முட்டி வரை வலி வரும், அதையும் சேர்த்துப் பார்ப்பார்.

படத்தில் முட்டியும் கொஞ்சம் கெட்டிருக்கிறது, இடுப்பும் கொஞ்சம் கெட்டிருக்கிறது, வலி எதனால் என்றே தெரியவில்லை என்ற குழப்பம் வரலாம். இந்த வயதில் அடிக்கடி வரும். அதைத் தீர்க்க ஒரு வழி, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இடுப்பு மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தைப் போட்டு, உடனே நடந்து பார்க்கச் சொல்வது. மருந்து வேலை செய்கிற சில மணி நேரம் முட்டி வலி காணாமல் போனால் குற்றவாளி இடுப்புதான். பெரிய ஆபரேஷனுக்கு முன்னால் இந்தச் சின்ன ஊசி எவ்வளவோ மேல், எல்லா ஊரிலும் செய்வதில்லை, ஆனால் கேட்டுப் பாருங்கள். இடுப்பு, முட்டி இரண்டுக்குமே மாற்று சிகிச்சை தேவைப்படும் நிலை என்றால் பொதுவாக இடுப்பைத்தான் முதலில் செய்வோம், அது சரியான பிறகு முட்டிக்குத் தேவையே இல்லாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

இடுப்புத் தேய்மானம்தான் என்று தெரிந்தால் அடுத்த நாளே அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டியதில்லை. முதல் வேலை ஒரு கைத்தடி. வலிக்கிற பக்கத்துக் கையில் தடி பிடிப்பதுதான் வழக்கம், அது தவறு. அம்மாவுக்கு வலது பக்கம் நோய் என்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும், வலது கால் முன்னே போகும்போது இடது கைத் தடியும் கூடவே போக வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்தில், இடுப்பு சரியாமல் தாங்க அந்தப் பக்கத்துத் தசை கடுமையாக இழுக்க வேண்டியிருப்பதால், மூட்டின் மேல் உடல் எடையைப் போல இரண்டரை மூன்று மடங்கு பாரம் விழுகிறது. எதிர்க்கையில் தடி ஊன்றினால் அந்தத் தசையின் வேலை குறையும், பாரமும் நன்றாகக் குறையும். கூச்சப்படுவார், "அதற்குள் தடியா" என்பார். கொஞ்ச நாள் வீட்டுக்குள் பழக்கினால் அவரே விடமாட்டார்.

தரையில் உட்காருவதை நிறுத்தி உயரமான நாற்காலி, மேற்கத்திய கழிவறை, அது இல்லையென்றால் மேலே வைக்கிற ஸ்டூல். எடை கூடியிருந்தால் குறைக்க வேண்டும், ஐந்து கிலோ குறைந்தால்கூட மேலே சொன்ன மடங்குக் கணக்கில் மூட்டுக்கு எவ்வளவு குறையும் என்று பாருங்கள். கரண்ட் வைக்கிற பிசியோதெரபியைவிட, பக்கவாட்டுத் தசைகளையும் பின்பக்கத் தசைகளையும் பலப்படுத்தும் பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள். வலி மாத்திரையை மாதக்கணக்கில் கடையில் வாங்கிச் சாப்பிடுவது மட்டும் வேண்டாம், சிறுநீரகம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும், சில பேருக்கு மூச்சிரைப்பையும் தூண்டிவிடும், அம்மாவுக்கு அது முக்கியம்.

எண்ணெய் கேட்டிருந்தீர்கள். இடுப்பு மூட்டு கெட்டியான தசைகளுக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது, எந்த எண்ணெயும் தோல் வழியாக அங்கே போய்ச் சேராது. உங்கள் கையால் வெதுவெதுப்பாகத் தேய்த்துவிடுவது அம்மாவுக்கு இதமாக இருந்தால் தேய்த்துவிடுங்கள், அதில் தவறில்லை. மூட்டை அது சரிசெய்யும் என்று மட்டும் நினைக்க வேண்டாம், விலை அதிகமான எண்ணெயும் வேண்டாம்.

இதையெல்லாம் செய்தும் ராத்திரி வலியால் தூக்கம் கெட்டால், வீட்டைச் சுற்றி நடப்பதே பாடு என்று ஆனால், அப்போது இடுப்பு மாற்று சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1960-களின் தொடக்கத்தில் வடிவமைத்த முறையிலிருந்து வளர்ந்து வந்தது அது, இன்று மருத்துவத்தில் நன்றாகப் பலன் தருகிற அறுவை சிகிச்சைகளில் ஒன்று. பெரும்பாலும் மறுநாளே எழுந்து நிற்க வைப்பார்கள், நல்ல மூட்டு இருபது ஆண்டு தாண்டியும் உழைக்கிறது. தனியாரில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அங்கேயே விசாரியுங்கள். ஏ.வி.என். ஆரம்ப நிலை என்றால் மூட்டை மாற்றாமலே காப்பாற்ற முயற்சி செய்யலாம், அதனால் மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் தள்ளிப்போட வேண்டாம்.

அம்மாவைக் கூட்டிப்போகும்போது பழைய முட்டி எக்ஸ்ரே, ஜெல் ஊசி போட்ட சீட்டு, மூச்சிரைப்பு மாத்திரையின் அட்டை, வீட்டில் மிச்சம் இருக்கிற வலி மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். புடவைக்குப் பதில் தளர்வான நைட்டியோ பைஜாமாவோ போட்டுவந்தால் மருத்துவருக்கு இடுப்பைச் சுழற்றிப் பார்க்க வசதியாக இருக்கும், அம்மாவுக்கும் கூச்சம் குறையும். எக்ஸ்ரே ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள், மாத்திரையின் பெயரையும் சேர்த்து.